ஜெனோஸ்2: பாடுகிறவருக்கு இறங்கிக் கொடுக்கும் கீபோர்டு

யமஹா ஜெனோஸ்2 அறிவிப்பு 2023 நவம்பரில் வந்தது. உடனேயே வீடியோக்கள் வரிசைகட்டி வந்துவிட்டன. எல்லாவற்றிலும் குளிரூட்டிய அறை, ஹெட்ஃபோன், வாசிக்க ஒரே ஆள். எங்கள் பக்கத்து வேலை அப்படி இல்லை. தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப்புறம் மார்த்தாண்டம், குழித்துறை. அந்தப்புறம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. ஒரே வாரத்தில் சபைக் கன்வென்ஷன், அம்மன் கொடை விழா, எல்லை தாண்டி ஒரு உற்சவ கானமேளா (பாட்டுக் கச்சேரி), ஒரு கல்யாண ரிசப்ஷன் எல்லாம் வரும். தமிழ்ப் பாட்டு முடிந்த கையோடு மலையாளப் பாட்டு, அதற்குப் பின்னால் மாப்பிளப்பாட்டு. கும்பம், மீனம் மாத உற்சவ சீசன், கிறிஸ்துமஸ் கேரல் சீசன், இரண்டு பருவமழை எல்லாவற்றிலும் இந்தக் கீபோர்டு என்னோடு ஓடிவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

முன்பு எங்கள் செட்டில் இருந்தது 2017இல் வந்த முதல் ஜெனோஸ். அதற்கும் முந்தைய டைரோஸ் வரிசை 2002இல் தொடங்கி 2013இல் ஐந்தாவது மாடலோடு நின்றது. ஜெனோஸிலிருந்து ஜெனோஸ்2க்கு மாறியபோது என் வேலையில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன். பட்டியலில் இருக்கும் எண்களில் பாதி மேடையில் யாருக்கும் கேட்பதில்லை. பின்னணித் தாளமும் இசையும் தானாக ஓடும் அமைப்பைத்தான் ஸ்டைல் என்கிறோம். அது 550இலிருந்து 800 ஆனது நல்லதுதான், ஆனால் ஒரு சீசனில் நான் திரும்பத் திரும்பத் தொட்டவை அதில் மிகச் சிறிய பகுதி.

மாறியதில் முதல் இடம் ஸ்டைல் டைனமிக்ஸ் கன்ட்ரோலுக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்படி ஸ்டைலோடு வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டில் பல காலமாக ஒரு குறை உண்டு. பாடகர் குரலைத் தாழ்த்திப் பாடும்போது நாம் ஸ்டைல் வால்யூமைக் குறைப்போம். சத்தம் குறையும். ஆனால் உள்ளே வாசிக்கும் டிரம்மர் அதே பலத்தில்தான் அடித்துக்கொண்டிருப்பார். ஓங்கி அடித்த ஸ்னேரின் ஓசை தூரத்திலிருந்து கேட்பதுபோல் இருக்கும், மெதுவாக அடித்த ஸ்னேர் போல் இருக்காது. கேட்பவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் ‘கீபோர்டு ரிதம்’ என்று காது சொல்லிவிடும். ஒரே ஸ்டைலின் நான்கு வடிவங்களான மெயின் ஏயிலிருந்து டி வரை மாற்றிச் சமாளிக்கலாம். அப்படிச் செய்தால் தாளமே மாறுகிறது, சில நேரம் பாட்டின் குணமும் மாறிவிடுகிறது.

ஜெனோஸ்2இல் இதை ஒரு குமிழுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். திருப்பினால் சத்தத்தோடு சேர்ந்து அடியின் தன்மையும் மாறுகிறது. கன்வென்ஷனில் பாட்டின் கடைசி அடி போய்க்கொண்டிருக்கும்போதே போதகர் ஜெபத்தைத் தொடங்கிவிடுவார். அந்த இடத்தில் தாளம் நிற்கவும் கூடாது, பேச்சை மறைக்கவும் கூடாது. குமிழை மெல்ல இறக்கினால் குழுவே கையை அடக்கி வாசிப்பது மாதிரி ஓசை இறங்குகிறது. ஜெபம் முடிந்து சபையார் பல்லவியை எடுக்கும்போது ஏற்றிவிட்டால், ஃபில் (பகுதி மாறும்போது போடும் டிரம்ஸ் உருட்டு) எதுவும் போடாமலே எழும்பி வருகிறது. எங்கள் செட்டில் பல வருஷம் டிரம்ஸ் வாசித்த அண்ணன் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: “இப்பந்தான் உள்ள இருக்கவனுக்கு மணிக்கட்டு வந்திருக்கு, மக்கா.” நான் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. புதிய டிரம் கிட்டுகளை வைத்துச் செய்த ஸ்டைல்களில் இது நன்றாக எடுபடுகிறது. பழைய ஸ்டைல்களை ஏற்றி வாசித்தால் வித்தியாசம் குறைவாகத்தான் தெரியும்.

அடுத்தது ஆம்பியன்ட் டிரம்ஸ். டிரம்ஸுக்கு அருகில் மைக் வைத்து எடுத்த ஓசை, அறையின் ஓசை இரண்டும் இருக்கின்றன, எது எவ்வளவு வேண்டும் என்று நாம் கலந்துகொள்ளலாம். வீட்டில் கேட்கும்போது அறையோசையை ஏற்றி வைக்கத்தான் ஆசை வரும். மேடையில் அதைச் செய்யாதீர்கள். கோயில் மைதானத்தில் நாலு பக்கமும் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள், அங்கே ஏற்கனவே எதிரொலி உண்டு. உயரக் கூரை போட்ட பழைய சர்ச்சுக்குள்ளும் அதே கதைதான். இரண்டு இடத்திலும் நான் அறையோசையை முழுக்க இறக்கிவிடுவேன், கிக்கும் ஸ்னேரும் தெளிவாக நிற்கும். டிராக் ரெக்கார்டிங் செய்யும்போதுதான் அதை ஏற்றுகிறேன். ஸ்டெய்ன்பெர்க் மென்பொருளில் இருந்து வந்த ரெவலேஷன் ரிவர்பும் (எதிரொலி எஃபெக்ட்) அங்கேதான் தன் பெருமையைக் காட்டுகிறது. வயலின் செக்ஷனுக்கு அதைப் போட்டுக் கேட்டால் வால் நீண்டு போனாலும் ஓசை கலங்குவதில்லை.

எஃப்எம் முறையில் ஓசை உருவாக்கும் டோன்கள் எங்கள் பக்கத்துக்கு என்றே திரும்பி வந்ததாக நினைக்கிறேன். கானமேளாவில் 1980களின் பாட்டுகளுக்கு இன்றும் கூட்டம் எழுந்து நிற்கும். அந்தக் காலத்து எலெக்ட்ரிக் பியானோ, மணி ஓசை, குத்தும் பேஸ் எல்லாவற்றிலும் 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இன் கை நிறைய உண்டு. முந்தைய மாடல்களில் அந்த டோன்கள் சாம்பிளாக இருந்தன. சாம்பிள் என்றால் மெதுவாக, நடுத்தரமாக, பலமாகத் தட்டிய ஓசைகளை எடுத்து அடுக்கி வைத்திருப்பார்கள். விரலின் பலம் கூடும்போது ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது தெரியும். எஃப்எம்மில் ஓசை அந்த நொடியிலேயே பிறக்கிறது. ஒரு அலை இன்னொரு அலையை அசைக்கிறது, விரலின் பலத்துக்கேற்ப அந்த அசைவு கூடுகிறது. அதனால் தாவல் கிடையாது, கண்ணாடித் தன்மை படிப்படியாகத் திறந்துகொள்கிறது. மெலடிப் பாட்டின் இன்டர்லூடில் அந்த எலெக்ட்ரிக் பியானோவை மெதுவாகத் தொட்டுக் கடைசி நோட்டை மட்டும் அழுத்தினால் ஒரு பளிச்சிடல் வரும். அதற்காகவே இந்தக் கீபோர்டை நேசிக்கிறேன். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடியவை எஃப்எம்முக்கென்று தனியாக 128 ஓசை, மற்ற டோன்களுக்கு 256, ஆக 384. பெடலை மிதித்துக்கொண்டு பெரிய ஸ்டைலோடு வாசித்தாலும் நோட்டு அறுந்துபோவதைக் கேட்டதில்லை.

இனி ராகம். பலரும் என்னிடம் கேட்பது இதுதான்: “கீர்த்தனைக்கு ஸ்டைல் போட்டால் ஏன் ஒட்டவில்லை?” ஸ்டைல்கள் பெரும்பாலும் மேற்கத்திய கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிப்பது) அமைப்பை நம்பி எழுதப்பட்டவை. நாம் இடது கையில் ஒரு மேஜர் கார்டு பிடித்தால் ஃப்ரேஸ் என்ற மெலடிப் பகுதிகள் தாங்களாகவே ஒன்பதாவது, ஆறாவது ஸ்வரங்களையும் கலந்துவிடும். ரிஷபமே இல்லாத ஹிந்தோளத்தில் ரிஷபம் கேட்டால் காது எப்படி ஏற்கும்? என் வழி இது: ஃப்ரேஸ், பேட் (நீளமாக ஒலிக்கும் கார்டு) சேனல்களை அணைத்துவிட்டு டிரம்ஸ், பேஸ் இரண்டையும் மட்டும் வைத்துக்கொள்வது, முழுக் கார்டுக்குப் பதில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடிப்பது. யமஹா அதை 1+5 என்று புரிந்துகொண்டு மேஜரும் இல்லாமல் மைனரும் இல்லாமல் வாசிக்கும். பஞ்சமம் வராத (வர்ஜமான) ராகமாக இருந்தால் ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் பிடித்தால் போதும், ஹிந்தோளத்துக்கு நான் செய்வது அதைத்தான்.

ஸ்கேல் டியூனிங்கும் இதோடு சேர்ந்தது. கீபோர்டின் அந்தர காந்தாரம் 400 சென்ட்டில் (அரைச்சுருதி ஒன்றுக்கு 100 சென்ட்) நிற்கிறது. தம்புராவோடு இயல்பாகச் சேரும் காந்தாரம் 386 சென்ட் அருகில் இருக்கிறது. அந்த 14 சென்ட் வித்தியாசம் நீண்ட கார்வையில் நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக இறக்கி ஏற்றி வைக்கலாம், எந்தப் பகுதிக்கு அது பொருந்த வேண்டும் என்றும் தேர்ந்துகொள்ளலாம். வலது கை புல்லாங்குழலுக்கு மட்டும் மாற்றி, பேஸைத் தொடாமல் விடுகிறேன். இது புதிய வசதி இல்லை, டைரோஸ் காலத்திலிருந்தே உண்டு. ஆனாலும் நம் ஆட்களில் மிகச் சிலரே தொட்டுப் பார்க்கிறார்கள்.

ஸ்வரத்தை வளைத்து அசைக்கும் கமகத்துக்கு ஜாய்ஸ்டிக். ஜெனோஸிலேயே சக்கரத்தை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள், இரண்டாவதிலும் அதேதான். பக்கவாட்டில் சுருதி, மேலே தள்ளினால் மாடுலேஷன். ஸ்வரத்தை வளைக்கும்போது கட்டைவிரல் சற்று மேலே போனால் நடுக்கமும் சேர்ந்துவிடும். கமகம் வாசிக்கும் டோனுக்கு மாடுலேஷனை அணைத்து வைத்துவிடுங்கள், சுருதி வளையும் அளவை இரண்டு அரைச்சுருதியாக வையுங்கள். என் கை பழகிவிட்டது. ஆனாலும் தனிச் சக்கரம் இருந்திருந்தால் நம் சங்கீதத்துக்கு இன்னும் நல்லது என்றே இன்றும் சொல்வேன்.

மேடையில் நேரம் பெரிய விஷயம். இரவு 10 மணிக்கு மைக் நிற்க வேண்டும் என்பது சட்டம், போலீஸும் வந்து நிற்பார்கள். அறிவிப்பு, பொன்னாடை எல்லாம் போக மீதமிருக்கும் நேரத்தில்தான் பாட்டு. ஆகவே இரண்டு பாட்டுக்கு நடுவே திரையைத் தடவிக்கொண்டிருக்க முடியாது. பாட்டுக்கு ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் பேங்க் (டோன், ஸ்டைல் அமைப்புகளைச் சேமித்த தொகுப்பு), அதில் பத்துப் பொத்தான். அதே பாட்டை ஆண் இரண்டு கட்டையிலும் பெண் ஐந்தரைக் கட்டையிலும் பாடுவார்கள் என்பதால் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸோடு சேர்த்து இரண்டையும் தனித்தனிப் பொத்தானில் வைத்திருக்கிறேன். பிளேலிஸ்டில் பாட்டின் பெயர் தமிழ்ப் பாட்டா மலையாளப் பாட்டா என்ற குறிப்போடு இருக்கும். ரெஜிஸ்ட்ரேஷன் சீக்வென்ஸைப் பெடலில் கொடுத்தால் பல்லவி, இன்டர்லூட், சரணம் என்று கால் நகர்த்திக்கொண்டே போகும், கை கீயை விட்டு எழுவதே இல்லை. பழைய ஜெனோஸில் நான் சேமித்தவை இதிலும் திறந்தன. டோன் பேலன்ஸை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

தாளச் சுற்று முடியும் முன்பே பாடகர் எடுத்துவிட்டால் செக்ஷன் ரீசெட் காப்பாற்றும். டாப் டெம்போ பொத்தானைச் சரியான இடத்தில் தட்டினால் தாளம் முதல் அடிக்கு வந்துவிடும். இதுவும் பழைய வசதிதான், ஆனால் இது தெரியாமல் மேடை ஏறக் கூடாது.

நம் ஊர்த் தாளங்கள் என்று வந்தால் நாம்தான் உழைக்க வேண்டும். யமஹா இந்தியாவுக்கென்று தந்த பிஎஸ்ஆர்-ஐ500இல் தபலாவும் தம்புராவும் வைத்துச் சாதகம் செய்யும் ரியாஸ் வசதி உண்டு. அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள இந்தக் கீபோர்டில் அது இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். தவில், உடுக்கை, செண்டை மூன்றையும் வாசிப்பவர்களை உட்காரவைத்து நானே ரெக்கார்டு செய்து, யமஹாவின் எக்ஸ்பான்ஷன் மேனேஜர் மென்பொருள் வழியாக ஏற்றினேன். முதல் ஜெனோஸில் இதற்கு இடம் 1.8 ஜிபி, இதில் 3 ஜிபி. இந்த ஒரு மாற்றம் எனக்கு மிகப் பெரிய உதவி. செண்டையை மெதுவாக அடித்தது, பலமாக அடித்தது, விளிம்பில் அடித்தது என்று தனித்தனியாக வைக்க முடிந்தது. பழைய ஜெனோஸுக்கு இப்படி ஓசைகளைக் கட்டிச் செய்த பேக் கோப்பை அப்படியே இதில் போட முடியாது. கருவியின் தகவல் கோப்பை எடுத்து, இதற்கென்று மறுபடி பேக் செய்ய வேண்டும். மூலக் கோப்புகளைக் கணினியில் பத்திரமாக வைத்திருங்கள். ஸ்டைல் கிரியேட்டரில் ஆறெட்டுத் தாளம் ஒன்றைச் செய்து, இரண்டாவது ரிதம் சேனலில் டோலக்கையும் தவிலையும் கலந்து வைத்திருக்கிறேன். கொடைக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான்.

மாறாதவை: 9 அங்குலத் திரை, 76 கீ, உள்ளே ஸ்பீக்கர் இல்லாதது. கீயின் தொடுகை எனக்கு மிகவும் பிடித்ததால் அது மாறாததில் மகிழ்ச்சியே. 88 கீ வேண்டும் என்பவர்கள் கோர்க் பிஏ5எக்ஸ் பக்கம் பார்க்கலாம்.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரத்தோடு பெட்டிக்குள் அடைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, பெட்டியைத் திறந்து வைத்து, சிலிக்கா ஜெல் பையை மாற்றுங்கள். மேடையில் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடி போதும், கீபோர்டு அணைந்துவிடும், திரும்ப முழுதாக எழ நேரம் எடுக்கும். சின்ன யூபிஎஸ் ஒன்று கூடவே போகட்டும். சவுண்ட்காரரிடம் கீபோர்டுக்கு ஸ்டீரியோவாக இரண்டு லைன் கேட்டு வாங்குங்கள். ஒரே லைனில் கொடுத்தால் ஸ்ட்ரிங்ஸின் அகலம் போய்விடும்.

வாங்கலாமா? சர்ச்சில் மட்டும் வாசிப்பவருக்கு பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்920 போதும், ஸ்டைல் டைனமிக்ஸ் கன்ட்ரோல் அதிலும் உண்டு. கையில் ஜெனோஸ் இருக்கிறது, வாசிப்பது அதிகமும் ரெடிமேட் டிராக்கோடுதான் என்றால் மாற அவசியமில்லை. பாடகர்களோடு நேரடியாக, டிரம்மர் இல்லாமல் வாசிப்பவர் என்றால் ஜெனோஸ்2க்குக் கொடுக்கும் பணம் ஒவ்வொரு மேடையிலும் கேட்கும். பழைய ஜெனோஸை வாங்க நினைப்பவர்கள் பகலில் போய்ப் பாருங்கள். 76 கீயையும் ஒவ்வொன்றாக மெதுவாகவும் பலமாகவும் தட்டுங்கள், ஸ்லைடர்களுக்கு மேலே உள்ள சின்னத் திரையில் எழுத்துகள் மங்கியிருக்கிறதா என்று பாருங்கள், ஜாய்ஸ்டிக்கை வளைத்து விட்டதும் சுருதி நடுவுக்குத் திரும்புகிறதா என்று ஒரு டியூனரை வைத்துச் சோதியுங்கள்.