காப்புரிமை வாங்கித் தருவதாகச் சொன்னவரிடம் ஏமாந்தேன்: சேலத்துப் பட்டறைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சேலத்தில் சிறிய பட்டறை வைத்து, புதிதாக ஒரு கருவியைச் செய்து, அதற்குக் காப்புரிமை எடுக்கலாம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதை முழுவதும் படிக்க வேண்டுகிறேன். ஐந்து ரோட்டுப் பக்கம் மாடியில் அலுவலகம் நடத்திய ஆலோசகர் ஒருவரிடம் 2022-ஆம் ஆண்டு 85,000 ரூபாய் கொடுத்தேன். பணம் போனதைவிடப் பெரிய இழப்பு ஒன்று அவரால் நேர்ந்தது. புகார் கொடுத்திருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் ஏமாற்று எந்த இடத்தில் நடந்தது என்பது விளங்காது. ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிவிட்டால், தண்ணீருக்குள் சுழலும் விசிறி எதுவானாலும் தண்டும் வேரும் சுற்றிக்கொண்டு சற்று நேரத்தில் நின்றுவிடும். ஆகவே தட்டையான படகு ஒன்றின் பின்பக்கம், ஒரு மீட்டர் விட்டமுள்ள அலுமினியக் கூண்டுக்குள் விசிறியைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தி, 5 கிலோவாட் மின்மோட்டாரால் சுழற்றினேன். படகைக் கரையில் கட்டி ஸ்பிரிங் தராசு வைத்துப் பார்த்ததில் 31 கிலோ தள்ளுவிசை கிடைத்தது. ஏற்காட்டில் நண்பரின் காப்பித் தோட்டத்துக் குட்டையில் அதே சுழற்சி வேகத்தில் 28 கிலோதான் வந்தது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் அது எதிர்பார்த்ததுதான்.

இதுவரை சொன்னவற்றில் புதுமை ஏதும் இல்லை என்பது எனக்கே தெரியும். 1905-ஆம் ஆண்டிலேயே அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் குழு கனடாவின் நோவா ஸ்கோசியாவில் காற்று விசிறியால் ஓடும் படகைச் செய்துவிட்டது. 1931-இல் ஜெர்மனியில் பின்பக்க விசிறியால் தள்ளப்பட்ட ரயில் பெட்டி ஒன்று மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. விசிறியைக் குழலுக்குள் அடைத்துப் பறக்கும் விமானத்தை இத்தாலியர் ஸ்டீப்பாவின் வடிவமைப்பில் 1932-இல் பறக்கவிட்டார்கள். என்னுடையது என்று நான் நினைத்தது வேறு ஒன்று. காற்றால் ஓடும் இத்தகைய படகுக்குப் பிரேக் கிடையாது, ரிவர்ஸும் எளிதில் அமையாது. தாமரைத் திட்டுக்குள் மூக்கை நுழைத்தால் அதன்மேல் ஏறி மாட்டிக்கொள்ளும். அதற்காக, ஆகாயத்தாமரையைத் தள்ளும் முன்பக்கப் பலகையை ஸ்பிரிங்கின்மேல் நிறுத்தி, அதிலிருந்து மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்றைப் பின்பக்கம்வரை கொண்டுபோய், விசிறிக் கூண்டின் வாயிலுள்ள இரண்டு வளைந்த கதவுகளோடு இணைத்தேன். சுமை அளவு மீறினால் பலகை ஆறு சென்டிமீட்டர் பின்வாங்கும், கேபிள் இழுபடும், கதவுகள் மூடிக் காற்றை முன்பக்கமாகத் திருப்பும், படகு தானாகவே திட்டைவிட்டுப் பின்னால் வரும். சென்சாரும் இல்லை, கணினியும் இல்லை. கண்டுபிடிப்பு என்று ஏதேனும் இருந்தால் அது அந்தக் கேபிள் இணைப்புதான்.

ஆலோசகர் ஒரு நாளும் பட்டறைக்கு வரவில்லை. வாட்ஸ்அப்பில் நான்கு படங்களும் மோட்டாரின் விவரங்களும் போதும் என்றார். நான் நாற்பது பக்கத் தமிழ் நோட்டு ஒன்றில் எல்லா அளவுகளையும், கேபிளைப் பொருத்திய விதத்தையும், ஏற்காட்டுச் சோதனையையும் எழுதிக் கொடுத்தேன். வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். காப்புரிமை அலுவலகத்தில் விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணத்தை, ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கொடுக்க முடியும் என்பதால், அவர் எழுதிய ஆங்கிலப் பக்கங்களில் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். இந்த இடத்தில் என் தவறும் இருக்கிறது, மறைக்கவில்லை.

சில வாரங்களில் தொலைபேசியில் அழைத்தார். "சார், பேட்டண்ட் வந்துருச்சுங்க! ஜர்னல்லயே போட்டுட்டாங்க. இனி தாராளமா நாலு பேருக்கு ஓட்டிக் காட்டுங்க" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும் காப்புரிமை இதழின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டே கொடுத்தார். பட்டறையில் மாட்டினேன், பில் புத்தகத்தில் 'காப்புரிமை பெற்றது' என்றும் அச்சடித்தேன். இதழில் வெளியானால் இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். தாக்கல் செய்து 18 மாதங்களில் எந்த விண்ணப்பமும் தானாகவே வெளியாகிவிடும். 9-ஆம் படிவம் கொடுத்துக் கட்டணம் கட்டினால் ஒரு மாதத்துக்குள் வெளியாகும். அவர் செய்தது அதைத்தான். காப்புரிமை கிடைக்காத பொருளைக் கிடைத்ததாகச் சொல்லி விற்பது காப்புரிமைச் சட்டத்தின் 120-ஆம் பிரிவின்படி தண்டத்துக்குரியது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. பில் புத்தகங்களைக் கிழித்துப் போட்டேன். ஆனால் அவர் பேச்சை நம்பிக் கண்ணங்குறிச்சியில் ஒரு குட்டையில் ஊரைக் கூட்டி ஓட்டிக் காட்டியதையும், கதவுகள் மூடுவதையும் கேபிள் இழுபடுவதையும் அருகிலிருந்து எடுத்த வீடியோவை இணையத்தில் போட்டதையும் கிழித்துப் போட முடியாது.

2024 ஏப்ரலில், சட்டம் படிக்கும் என் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தபோது சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, அதிலிருந்த விண்ணப்ப எண்ணைக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் போட்டுப் பார்த்தாள். விண்ணப்பத்தை ஆராய்ந்து காப்புரிமை அலுவலகம் தன் ஆட்சேபங்களை எழுதி அனுப்பும் முதல் பரிசோதனை அறிக்கை 2023 நவம்பரிலேயே வந்திருந்தது. பதிலளிக்க ஆறு மாதம்; 4-ஆம் படிவத்தில் கேட்டுக்கொண்டால் மேலும் மூன்று மாதம்; அதையும் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். தொடர்பு மின்னஞ்சலாக ஆலோசகர் தம்முடையதையே கொடுத்திருந்ததால் அறிக்கை அவரிடம் போய் ஐந்து மாதமாக உறங்கிக்கொண்டிருந்தது. கேட்டபோது, பதில் எழுதத் தனியாக 35,000 ஆகும் என்றார்.

அன்று இரவு அவள் விவரக்குறிப்பை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். படகு, மோட்டார், விசிறி, கூண்டு, சுக்கான் என்று போய்க்கொண்டே இருந்தது. முடித்துவிட்டு, "மாமா, இதுல அந்தக் கேபிளைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?" என்று கேட்டாள். வரைபடத்தைப் பார்த்தோம். கூண்டின் வாயில் இருந்த இரண்டு கதவுகளையும் படம் வரைந்தவர் கம்பி வலையாக வரைந்து, 14 என்று எண்ணிட்டிருந்தார். 14-க்கு எதிரே 'பாதுகாப்பு வலை' என்று எழுதியிருந்தது.

பரிசோதனை அறிக்கையின் ஆட்சேபங்களை அதற்குப் பிறகு படித்தால் ஒன்றில்கூடக் குற்றம் காண முடியவில்லை. குழலுக்குள் விசிறி வைத்த மூன்று பழைய ஆவணங்களைக் காட்டி, இவற்றைத் தெரிந்தவருக்கு உங்கள் கருவி எளிதில் தோன்றக்கூடியதே என்றது அறிக்கை. அடுத்து 3(f) பிரிவு: அறிந்த கருவிகள் தனித்தனியே தத்தம் வேலையை அறிந்த முறையில் செய்யும்போது, அவற்றை வெறுமனே சேர்த்து அடுக்குவதோ மாற்றி அடுக்குவதோ கண்டுபிடிப்பு ஆகாது. முன்பலகை தாங்கும் சுமையே பின்கதவை இயக்குகிறது, இரண்டும் ஒன்றை ஒன்று சார்ந்தவை என்று ஒரே பத்தியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பரிசோதகர் பட்டறைக்கு வந்து இயந்திரத்தைப் பார்ப்பதில்லை, முன்னால் இருக்கும் தாளைத்தான் பார்க்கிறார். அந்தத் தாளில் இல்லாத ஒன்றைத் திருத்தம் என்ற பெயரில் பின்னால் நுழைக்க 59-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. எழுதியதைச் சுருக்கலாம், விளக்கலாம், பிழை நீக்கலாம், அவ்வளவுதான். தொடக்கத்தில் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைக் கொடுத்திருந்தால், முழு விவரக்குறிப்பை எழுத 12 மாத அவகாசமாவது கிடைத்திருக்கும். அப்படி ஒரு வழி இருப்பதை அவர் சொல்லவே இல்லை.

கேபிள் இணைப்புக்கு மட்டும் புதிய விண்ணப்பம் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். சென்னையில், பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாளும் பதிவுபெற்ற காப்புரிமை முகவர் ஒருவரிடம் நானும் அதையே கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "வெளியில் காட்டினீர்களா?" என்பது. வீடியோவைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். விண்ணப்பத்துக்கு முன்பே உலகுக்குக் காட்டியது நம் நாட்டில் புதுமை ஆகாது. அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில விலக்குகளில் கண்ணங்குறிச்சிக் குட்டை வராது.

பணக் கணக்கு இது. 'சர்க்கார் கட்டணம்' என்று அவர் வாங்கியது விண்ணப்பத்துக்கு 8,000, பரிசோதனைக் கோரிக்கைக்கு 20,000, முன்கூட்டி வெளியிட 12,500, ஆக 40,500. இவை பெரிய நிறுவனங்களுக்கான கட்டணங்கள். தனிநபருக்கு 1,600, 4,000, 2,500 என்று மொத்தம் 8,100தான். இணையதள ரசீதில் அவர் கட்டியதும் அதுவே. மீதி 32,400 அவர் பையில். அவர் காப்புரிமை முகவராகப் பதிவு பெற்றவரும் அல்லர். என் பெயரில் டிஜிட்டல் கையொப்பம் எடுத்து, நானே தாக்கல் செய்வதுபோலச் செய்திருக்கிறார்; முகவர் பெயருக்கான இடம் காலியாக இருந்தது.

பதிலை அக்கா மகளின் துணையோடு நானே எழுதினேன். விண்ணப்பதாரர் தாமே எழுதவும் வாதாடவும் சட்டம் அனுமதிக்கிறது. காணொளியில் விசாரணை நடந்தது. அதிகாரி பொறுமையாகவே கேட்டார், கேபிள் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று இரண்டு முறை கேட்டார். 2025-இல் நிராகரிப்பு ஆணை வந்தது. அதிகாரிமீது எனக்கு வருத்தம் இல்லை.

இதே ஆலோசகரிடமோ இவரைப் போன்றவரிடமோ கொடுத்திருப்பவர்கள் இன்றே தங்கள் விண்ணப்ப எண்ணை எடுத்துப் பாருங்கள். 12 இலக்கம் இருக்கும். முதல் நான்கு ஆண்டைக் குறிக்கும், சென்னை அலுவலகமானால் ஐந்தாவது 4. இணையதளத்தில் நிலையைப் பார்க்கக் கட்டணம் இல்லை. முகவர்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. முதலில் தொடர்பு மின்னஞ்சல் யாருடையது என்று பாருங்கள், அடுத்துப் பரிசோதனைக் கோரிக்கை உண்மையில் தாக்கலாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2024 மார்ச் 15-க்குப் பின் கொடுத்த விண்ணப்பங்களுக்கு அதற்கான காலக்கெடு 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைந்துவிட்டது. பரிசோதனை அறிக்கை வந்திருந்தால் அதன் தேதியிலிருந்து எண்ணுங்கள், ஆறு மாதம் ஓடிக்கொண்டிருக்கலாம்.