மேலுறை பூசிய நிறமி என்று நம்பி 64,000 இழந்தேன்: வெயிலுக்கான துணி தைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று மாலை அந்த இணைய விற்பனைத் தளம் என் புகாரைத் "தீர்க்கப்பட்டது" என்று குறித்து மூடிவிட்டது. எதுவும் தீர்க்கப்படவில்லை. நான் கட்டிய 64,000 திரும்பி வரவில்லை. வந்த நிறமி எதற்கும் உதவாது. அதைப் பூசித் தைத்த அறுபது சட்டைகளையும் நானே ஒவ்வொருவரிடமும் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன். கோபம் ஆறிவிட்டால் பேசாமல் இருந்துவிடுவேன் என்ற பயத்தில்தான் இன்றே எழுதுகிறேன்.

வெயிலில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் பிடரியை மறைக்கும் தொப்பியும் தைப்பது என் தொழில். டைட்டானியம் டை ஆக்சைடு நிறமியைப் பைண்டர் பசையில் கலந்து பருத்தித் துணியில் பூசினால், அது புறஊதாக் கதிரைத் தடுப்பதோடு வெயிலின் வெப்பத்தில் ஒரு பகுதியையும் திருப்பி அனுப்பும். சூரிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக வருவதால், துணி வெள்ளையாக இருந்தால் மட்டும் போதாது. பெயின்டில் இருக்கும் கால் மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு) துகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் நன்றாகச் சிதறடிக்கும். அகச்சிவப்புக்கு அதைவிடப் பெரிய துகள் வேண்டும்.

துகளின் அளவைவிட முக்கியமானது அதன் மேலுறை. டைட்டானியம் டை ஆக்சைடு புறஊதாவைப் பெரும்பாலும் உறிஞ்சித்தான் தடுக்கிறது. அப்படி உறிஞ்சிய ஆற்றல், துகளின் பரப்பில் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து, தொட்டதையெல்லாம் அரிக்கும் வீரியமான மூலக்கூற்றுத் துண்டுகளை உண்டாக்குகிறது; அவை முதலில் பைண்டரையும் பிறகு பருத்தி நூலையும் தின்னத் தொடங்கும். இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு துகளின் மேலும் சிலிக்காவையோ அலுமினாவையோ சில நானோமீட்டர் தடிமனில் தோல்போலப் போர்த்துகிறார்கள். டைட்டானியம் டை ஆக்சைடின் படிக வடிவங்களில் அனட்டேஸ் இந்த அரிப்பில் மிக வேகமானது, ரூட்டைல் அவ்வளவு வேகமில்லாதது. ஆகவே நான் கேட்டது சிலிக்கா மேலுறை பூசிய ரூட்டைல். அதற்கென்றே வழக்கமான வெள்ளை நிறமியைவிடப் பல மடங்கு விலையும் கொடுத்தேன்.

நான் ஏமாந்த நேரம் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. விற்பனையாளர் தொலைபேசியில் என்னிடம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். 2009-இல் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாஸ் சுப்பிரமணியன் குழு கண்டுபிடித்த, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் நீல நிறமியைப் பற்றி அவராகவே எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. இவ்வளவு தெரிந்தவர் பொய்ச் சரக்கு விற்க மாட்டார் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான். "மேடம், மேலுறை இல்லாத சரக்கை நான் கையாலும் தொடுவதில்லை, நீங்கள் கவலையே படாதீர்கள்" என்றார். சோதனைச் சான்றிதழும் அனுப்பினார். அதிலிருந்த தொகுதி எண்ணையும் (பேட்ச் நம்பர்) பின்னர் வந்த பையிலிருந்த தொகுதி எண்ணையும் நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இரண்டும் வேறு வேறு. தொலைபேசியில் பேசிய அன்றிரவே 64,000 கட்டினேன்.

இதில் கொடுமை என்னவென்றால், புதிய துணியில் எந்தக் குறையும் தெரியாது. மேலுறை இல்லாத அனட்டேஸும் புறஊதாவைத் தடுக்கும் என்பதால், முதல் சட்டையைச் சோதனைக்கு அனுப்பியபோது துணியின் புறஊதாத் தடுப்பை அளக்கும் யு.பி.எஃப். எண் 50-க்கு மேல் என்றே முடிவு வந்தது. அதாவது ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான புறஊதாதான் துணியைக் கடந்தது. இரண்டு மாதம் கழித்து ஒருவர் சட்டையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். தோள்பட்டையை விரலால் தேய்த்தேன், சுண்ணாம்பைத் தொட்டதுபோல வெள்ளைத் தூள் ஒட்டியது. சற்று அழுத்தியதும் கட்டைவிரல் துணிக்குள் போய்விட்டது. ஆனால் சட்டைப்பை மூடியைத் தூக்கிப் பார்த்தால் அதன் அடியில் துணி நேற்றுப் பூசியதுபோல இருந்தது, அக்குளிலும் அப்படியே. ஒரே துணி, ஒரே பசை, ஒரே சலவை. வெயில் பட்ட இடம் மட்டும் மக்கியிருந்தது. பையில் மீதமிருந்த தூளை எக்ஸ் கதிர்ச் சோதனைக்கு அனுப்பினேன். முழுவதும் அனட்டேஸ்; மேலுறைக்கான சிலிக்கா குறிப்பிடும் அளவுக்குக்கூட இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் தட்டிக்கழிப்புதான். விற்பனையாளர் முதலில் நான் பசையைத் தவறாகக் கலந்திருப்பேன் என்றார். சட்டைப்பையின் அடியில் எடுத்த படத்தை அனுப்பியதும் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார். தளத்தின் சேவைப் பிரிவில் ஒவ்வொரு முறையும் புதிய ஒருவர் வந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டு, 24 மணி நேரத்தில் பதில் வரும் என்றார். நான்காவது ஆள், பொருள் வந்த ஏழு நாளுக்குள் குறை சொல்லியிருக்க வேண்டும் என்றார். வெயில் இரண்டு மாதம் காய்ந்த பிறகே வெளிப்படும் குறையை ஏழு நாளில் எப்படிக் காட்டுவது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை, புகாரை மூடிவிட்டார்கள். 64,000 எனக்குச் சிறிய தொகை இல்லை. அதைவிட, என் சட்டையை நம்பித் தோளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தவர்களின் முகத்தில் விழிப்பதுதான் கடினமாக இருக்கிறது.

விரிவான ஆலோசனை எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் ஒரு நிலையில் இல்லை. சான்றிதழின் தொகுதி எண்ணைப் பையோடு ஒப்பிடாமல் பணம் கட்டாதீர்கள். ரூட்டைல் என்றால் எக்ஸ் கதிர்ச் சோதனை முடிவைக் கேளுங்கள். முதலில் ஒரு கிலோ மட்டும் வாங்கி, பூசிய துண்டில் பாதியை அட்டையால் மறைத்து வெயிலில் போட்டு, இரண்டு பாதிகளையும் கறுப்புத் துணியால் தேய்த்துப் பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டித் துணி குளிர்ச்சியாக இருப்பதாகச் சொல்லும் விளம்பரக் காணொளியை நம்பாதீர்கள். அலுமினியப் பளபளப்புள்ள பரப்பு வெப்பக் கதிரைக் குறைவாக உமிழ்வதால், துணி சூடாக இருந்தாலும் கருவி குறைத்தே காட்டும்.

அறுபது சட்டைகளில் நாற்பத்திரண்டு திரும்பி வந்துவிட்டன. மீதமுள்ள பதினெட்டையும் இந்த வாரத்துக்குள் வாங்கிவிட வேண்டும். பையில் இன்னும் பதினோரு கிலோ தூள் இருக்கிறது. அரை விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் கேட்டார், கொடுக்க மறுத்துவிட்டேன்.