சின்ன விஷயங்களின் கடவுள்: எந்தக் குறிப்புக்கு எவ்வளவு மெனக்கெடலாம்?

அருந்ததி ராயின் இந்த நாவலைப் பாதியில் மூடி வைத்தவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: யார் யாரையோ, எந்தெந்தப் படத்தையோ இழுக்கிறார், பிடிபடவில்லை. புகாரில் நியாயம் உண்டு. 1997-இல் வந்து அதே ஆண்டு புக்கர் பரிசு பெற்ற நூல், தமிழில் ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் காலச்சுவடு வெளியீடாகக் கிடைக்கிறது. 21 அத்தியாயங்களுக்குள் ஷேக்ஸ்பியர், கான்ராட், கிப்ளிங், எல்விஸ், ஹாலிவுட், செம்மீன், கதகளி, நக்சல்பாரி, கேரளக் கம்யூனிஸ்ட் தலைவர் இ.எம்.எஸ். என்று ஒரு பெரும் கூட்டமே வந்து போகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே கனம் கிடையாது. தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கைந்துதான். மற்றவை தெரியாமலே கடந்து போனாலும் குடிமுழுகிப் போகாது.

ஆங்கிலத்திலிருந்து வரும் குறிப்புகள் பெரும்பாலும், கதையின் மையமான, கேரளத்தின் அய்மனம் கிராமத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் தன்னைத்தானே அளந்துகொள்ளும் முழக்கோல்கள். மலையாள மண்ணிலிருந்து வருபவைதான் கதையை நடத்துகின்றன. இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

முழக்கோலுக்குச் சிறந்த உதாரணம் நான்காம் அத்தியாயம். 1969 டிசம்பர். இங்கிலாந்திலிருந்து வரும் மாமா மகள் சோஃபி மோளை வரவேற்கக் கொச்சிக்குப் போன குடும்பம், அபிலாஷ் டாக்கீஸில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' பார்க்கிறது. கூடவே சத்தமாகப் பாடியதற்காக அரங்கை விட்டு வெளியே அனுப்பப்படும் ஏழு வயது எஸ்தா, அங்கே குளிர்பானம் விற்பவனின் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிறான். திரும்பி வந்து உட்காரும்போது திரையில் ஏழு சுத்தமான வெள்ளைக் குழந்தைகள். படத்தில் வரும் அப்பா கேப்டன் ஃபான் டிராப் தன்னையும் தன் இரட்டைச் சகோதரி ராஹேலையும் விசாரிப்பதாகக் கற்பனை செய்கிறான் பையன். சுத்தமான வெள்ளைக் குழந்தைகளா? எச்சில் குமிழி விடுவார்களா? காலாட்டுவார்களா? கடைசியில், வெளியே நடந்ததைச் சுட்டும் கேள்வி. தீர்ப்பு: இவர்களை நேசிக்க முடியாது. படத்தைப் பார்க்காதவர்களுக்கு இந்தப் பக்கங்கள் வெறும் கிறுக்கல். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். முழுவதும் வேண்டாம், கேப்டன் விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் முற்பகுதியே போதும்.

ஆங்கிலப் பாடல், ஷேக்ஸ்பியர் ஒப்பித்தல் எல்லாம் இதே வகை. சோஃபி மோளிடம் பாட்டி முறையான பேபி கொச்சம்மா 'டெம்பஸ்ட்' பேசுவதும், உள்ளூர்க் கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் பிள்ளை வீட்டில் லெனின் என்று பெயர் வைத்த பையன் மார்க் ஆண்டனியின் உரையை முழங்குவதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். மூல நாடகங்களைத் தேடிப் போக வேண்டாம். யார் முன்னால், யாரை மயக்க ஒப்பிக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். சோஃபி மோளின் அப்பா சாக்கோ உதிர்க்கும் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவல் வரியையும் அப்படியே விட்டுவிடலாம்.

கான்ராடின் 'இருளின் இதயம்' விஷயத்தில்தான் நாவல் சறுக்குகிறது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள 'வரலாற்று வீடு' கரி சாயிப்பு என்ற ஆங்கிலேயருடையது. கான்ராடின் கதையில் ஆப்பிரிக்கக் காட்டுக்குள் தங்கிவிடும் வெள்ளையன் கர்ட்ஸ்; இவர் அய்மனத்தின் கர்ட்ஸ். முதல் தடவை இந்த இணைப்பு நன்றாகவே விழுகிறது. பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் அதே பெயர்ப்பலகையைத் தூக்கிக் காட்டுவதால், ஒரு கட்டத்தில் ஆசிரியருக்கு நம்மீது நம்பிக்கை இல்லையோ என்று தோன்றுகிறது. பின்னாளில் அந்த வீடு சுற்றுலா ஓட்டலாகி, இ.எம்.எஸ்ஸின் பூர்வீக வீடும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு உணவுக்கூடமாகும் இடத்தில் மட்டும் இந்தக் குறிப்பு மறுபடி உயிர் பெறுகிறது. அந்தக் கிண்டல் உறைக்க, 1957-இல் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அரசு, 1959-இல் அதன் கலைப்பு, 1964-இல் கட்சிப் பிளவு, 1967-இல் நக்சல்பாரி விவசாயிகள் எழுச்சி ஆகிய நான்கும் தெரிந்திருக்க வேண்டும். கட்சி அட்டை வைத்திருக்கும் தலித் தச்சன் வெளுத்தாவைத் தோழர் பிள்ளை ஏன் கைவிடுகிறார் என்பதும் இந்தப் பின்னணியில்தான் விளங்கும்.

இனி கதையை நடத்தும் குறிப்புகள். இரட்டையரின் தாய், வெளுத்தாவைக் காதலிக்கும் அம்முவின் டிரான்சிஸ்டரை மட்டும் தொடர்ந்து பாருங்கள். நடுப்பகுதியில் அது 'செம்மீன்' பாட்டைப் பாடுகிறது: முத்தெடுக்கப் போன மீனவன், கரையில் வழி தவறிய மனைவி, வந்து கொண்டுபோகும் கடலம்மா. வயலார் எழுதி சலீல் சௌத்ரி இசையமைத்தது. ராமு காரியாட்டின் படம் 1965-இல் வந்தது. சாதி மதம் தாண்டிய காதலுக்கு என்ன விலை என்று அந்தப் பாட்டு அம்முவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கடைசி அத்தியாயத்தில் அதே டிரான்சிஸ்டரில் ரோலிங் ஸ்டோன்ஸின் 'ரூபி டியூஸ்டே'. கனவுகள் நழுவும் முன் பிடித்துக்கொள் என்னும் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அவள் எழுந்து ஆற்றங்கரைக்குப் போகிறாள். இரண்டு பாட்டையும் கேட்டுவிட்டுப் படித்தால் அந்த அத்தியாயத்தின் கனமே வேறு.

பன்னிரண்டாம் அத்தியாயத்தை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். நூலின் உச்சம் அதுதான். ஓட்டலில் ஆறு மணி நேர ஆட்டத்தை இருபது நிமிடமாக நறுக்கி ஆடிய கதகளிக் கலைஞர்கள், பாவமன்னிப்பு போல இரவில் கோயிலுக்கு வந்து முழுதாக ஆடுகிறார்கள். முதலில் கர்ண சபதம், அடுத்து துரியோதன வதம். இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் உண்டு. கர்ணன் யார் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1964-இன் சிவாஜி படம் போதும். பாஞ்சாலியின் கூந்தலும் ரத்தமும் தெருக்கூத்திலும் திரௌபதி அம்மன் கோயில் படுகளத்திலும் பார்த்துப் பழகியவை. ஆபத்து என்னவென்றால், இன்னார்தான் கர்ணன், இன்னார்தான் துச்சாதனன் என்று உடனே பொருத்திவிடத் தோன்றும். வெளுத்தாவைக் கர்ணன் என்று முடிவுகட்டுவது பரவலான தவறு. தாயால் அனுப்பிவைக்கப்பட்ட பிள்ளை என்று பார்த்தால் கர்ணனுக்கு நெருக்கமானவன் எஸ்தா. ரத்தம் தெறிக்கும்போது, துச்சாதனன் எவ்வளவு கெட்டவன் என்பது இரட்டையருக்குப் பொருட்டே இல்லை. 23 வருடங்களுக்கு முன் ஒரு விடியலில் வெளுத்தாவை மிதித்த போலீஸ் பூட்ஸ்களிடம் கண்ட அதே வெறியை அவர்கள் அடையாளம் காண்கிறார்கள். நீதி வழங்கும் பீமனின் கையும் அந்தப் போலீஸ்காரர்களின் கையும் ஒன்றுபோலத் தெரியும் இடம் அது. ஆட்டம் முடிந்து ஒப்பனையைக் கலைத்த கலைஞர்கள் வீட்டுக்குப் போய் மனைவிமார்களை அடிப்பார்கள், குந்தி வேடக்காரரும் அதில் சேர்த்தி என்று எழுதி, மரபுக் கலை மீதான நம் உருக்கத்தையும் ராய் அங்கேயே வெட்டிவிடுகிறார்.

படிக்கும் முறை பற்றி: முதல் வாசிப்பில் போனைத் தள்ளி வையுங்கள். முதல் அத்தியாயமே சாவுகளையும் பிரிவுகளையும் கொட்டிவிடுகிறது. 1969-க்கும் 1993-க்கும் இடையே காலம் தாவிக்கொண்டே இருக்கும். நடுவில் குறிப்பு தேட உட்கார்ந்தால் அந்தத் தாவலில் பிடி நழுவிவிடும். பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போதும். முடித்த பிறகு செம்மீன் படத்தைப் பார்த்துவிட்டு 4, 11, 12, 21 ஆகிய அத்தியாயங்களுக்கு மட்டும் திரும்புங்கள். கான்ராடைப் படிக்க ஆசை இருந்தால் அது சிறிய நூல்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியும். ஆனால் இந்த நாவலுக்காக அவசியம் இல்லை.