காசிப் படித்துறை ஓவியம்: எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா?

காசிப் படித்துறைக் காட்சியை வீட்டில் மாட்ட விரும்புவோர் பலர் இவ்விரண்டுக்கும் இடையே தயங்குகின்றனர்.

விலை: நீர்வண்ணம் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும், ஆயினும் கண்ணாடிச் சட்டத்தின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பராமரிப்பு: எண்ணெய் ஓவியத்துக்குக் கண்ணாடி தேவையில்லை, தாளில் தீட்டிய நீர்வண்ணமோ ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் வெளிறும்.

காட்சி: கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓட, படித்துறைகள் மேற்குக் கரையில் கிழக்கைப் பார்த்து அமைந்திருப்பதால், இடுப்பளவு நீரில் நின்று உதயசூரியனுக்கு அர்க்கியம் விடுவோரையும் அவர்களைச் சூழ்ந்த பனியையும், தாளின் வெண்மையையே ஒளியாக விட்டுவைக்கும் நீர்வண்ணம்தான் நன்றாகப் பிடிக்கிறது. தசாசுவமேதப் படித்துறையின் மாலை ஆரத்திக்கோ, கருநீல இருளின் மேல் தடித்த மஞ்சளாய் அப்பிய தீபச்சுடர்கள் வேண்டும். அது எண்ணெய் வண்ணத்துக்கே கைவரும்.

ஆகவே, வெயில் படாத உலர்ந்த படிப்பறைக்கு விடியற்காட்சியை நீர்வண்ணத்திலும், வெளிச்சம் மிகுந்த கூடத்துக்கு ஆரத்தியை எண்ணெய் வண்ணத்திலும் வாங்கலாம். பூசையறையில் மட்டும் இரண்டையும் மாட்ட வேண்டாம். விளக்குப் புகை படியும்.