எட்டு வருட ஹெட்போன் பழக்கம், பத்து வீடு தள்ளி ஒரு தவில்

2017ல் கும்பகோணத்தில் 800 ரூபாய் கொடுத்து ஒரு இயர்போன் வாங்கினேன். குத்தாலத்திலிருந்து கும்பகோணத்துக்கு தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவனுக்கு காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் அன்றைக்குத் தேவை. அப்புறம் வெளிப்பக்கம் அடைத்த, மூடிய வகை ஸ்டூடியோ ஹெட்போன் ஒன்று, இரண்டாம் கையாக சென்ஹைசர் எச்.டி. 600 என்ற, வெளிப்பக்கம் அடைக்காத திறந்த வகை ஹெட்போன், கடைசியாக செவன் ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ என்ற சின்ன இயர்போன். நான்கையும் வருடக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, வாங்குவதற்கு முன்னால் யார் பேச்சைக் கேட்கலாம் என்பதைப் பற்றியும் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் என் பணத்தில் பாதி அந்தப் பேச்சுகளைக் கேட்டுத்தான் போனது.

முதல் இயர்போனைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது நான் பட்டுக்கோட்டை அருகே அத்தை வீட்டில் இருந்தேன். பல நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த இடத்தில் வரிசையில் நின்று போனுக்கு சார்ஜ் ஏற்றினோம். அந்த நாட்களில் வயர் வைத்த இயர்போன்தான் வேலை செய்தது, அதற்குத் தனியாக சார்ஜ் போட வேண்டியதில்லை. தென்னை மரமெல்லாம் சாய்ந்து கிடந்த அந்த வீட்டில், ராத்திரி அத்தைக்கு ஒரு பக்கமும் எனக்கு ஒரு பக்கமுமாக வைத்து திருச்சி வானொலிச் செய்தி கேட்டோம். போனில் எப்.எம். எடுக்க அந்த வயரேதான் ஏரியல். அன்றிலிருந்து வயர் இல்லாத எதையும் நான் முதன்மைக் கருவியாக வைத்துக்கொண்டதில்லை. எங்கள் பக்கம் புயலும் மழையும் எப்போதும் உண்டு, இதைச் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2019ல் வாங்கிய மூடிய ஹெட்போன்தான் எனக்கு ஈரப்பதத்தைப் பற்றிப் பாடம் எடுத்தது. கம்பெனி பெயர் வேண்டாம், அந்த வகையில் நிறைய பேருக்கு நடப்பதுதான். காது குஷன் மேல் இருக்கிற தோல் போன்ற பொருள் பெரும்பாலும் பாலியூரிதேன். வியர்வையும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதையும். முதல் மழைக்காலம் தாண்டியது, இரண்டாவது ஐப்பசியில் ஓரத்தில் வெடிப்பு வந்தது, மூன்றாவது வருடம் கழற்றும்போதெல்லாம் கறுப்புத் துகள் காதோரம் ஒட்டிக்கொண்டது. சித்திரை வெயிலில் அதைப் போட்டு இருபது நிமிடம் உட்கார முடியாது, காது வெந்துவிடும். குளிர் ஊரில் இருந்து எழுதுகிறவர்கள் 'நான்கு மணி நேரம் போட்டிருந்தேன், உறுத்தவே இல்லை' என்று எழுதினால் அது அவர்கள் ஊருக்குச் சரி. நமக்கு வெல்வெட் குஷன், அல்லது குறைந்தபட்சம் எளிதில் கழற்றி மாற்றக்கூடிய குஷன். வாங்குவதற்கு முன்னால் அந்த மாடலுக்குத் தனியாக குஷன் விற்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

இனி பேச்சுக்கு வருகிறேன். ஹெட்போனைப் பற்றி இணையத்தில் பேசுகிறவர்களை நான் இரண்டு கட்சியாகத்தான் பார்க்கிறேன். காதை நம்புகிறவர்கள் ஒரு கட்சி. 2001ல் தொடங்கிய ஹெட்-ஃபை என்ற இணையக் குழு அவர்களுடைய பழைய வீடு மாதிரி. கருவியில் அளந்த அளவை நம்புகிறவர்கள் இன்னொரு கட்சி. 2016ல் தொடங்கிய ஆடியோ சயன்ஸ் ரிவ்யூ அவர்கள் இடம். நம் நாட்டு விலை, சுங்கவரி, பழைய பொருள் வாங்கல் விற்றலுக்கு ஹைஃபைவிஷன். மூன்றையும் பல வருடம் படித்திருக்கிறேன், மூன்றும் எனக்கு ஏதோ ஒன்று கொடுத்திருக்கின்றன. காதுக் கட்சியிடம் பொறுமை கற்றேன். ஒரு ஹெட்போனை ஒரு ராத்திரியில் தீர்ப்புச் சொல்லாமல் மாதக்கணக்கில் கேட்பது, குஷன் நைந்தால் ஒலியே மாறும் என்பது, பழுது பார்ப்பது எல்லாம் அவர்கள் சொல்லித்தந்தவை. ஆனால் எங்கோ ஒரு குழுவில் யாரோ எழுதியதை நம்பி 9,000 ரூபாய்க்கு ஒரு டேக் வாங்கினேன், டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கான மின் அலையாக மாற்றித் தருகிற கருவி அது. திரை விலகியது போல இருக்கும் என்றார்கள். எனக்கும் வாங்கிய அன்று அப்படித்தான் இருந்தது.

அளவுக் கட்சி சொன்ன முறையில் பிறகு சோதித்தேன். 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்து, அந்த டேக்கையும் போனில் செருகி அதே வேலைக்கு வைத்திருந்த என் பழைய சின்ன டாங்கிளையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்தேன். அக்கா மகன் எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிச் செருகினான். பத்து தடவையில் ஐந்து தடவை சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். அதாவது வாங்கிய அன்று நான் கேட்ட வித்தியாசம் சத்தத்தின் அளவில் இருந்த வித்தியாசம். கொஞ்சம் சத்தம் கூடினாலே நம் காதுக்கு அது 'தெளிவு' என்று தோன்றும். இதை மட்டும் ஒருவர் தெரிந்துகொண்டாலே நிறைய பணம் மிஞ்சும். டேக்கை விற்றுவிட்டேன்.

அளவுக் கட்சியிடம் கற்ற இன்னொன்று ஹார்மன் வளைவு. ஹார்மன் கம்பெனியில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோரும் உடனிருந்தவர்களும் பலரை உட்காரவைத்து எந்த ஒலி பிடிக்கிறது என்று கேட்டு, 2013லிருந்து கட்டுரைகளாக வெளியிட்ட ஆய்வு. பேஸ் என்கிற அடித்தொனி எவ்வளவு, 3 கிலோஹெர்ட்ஸ் என்கிற கூர்மையான ஒலிப் பக்கம் எவ்வளவு மேடு என்று அதில் ஒரு வளைவு கிடைக்கும், இன்று பல இயர்போன்கள் அதை ஒட்டித்தான் செய்யப்படுகின்றன. காதுத் துளையே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும், இயர்போன் அந்தத் துளையை அடைத்துவிடுவதால் அந்த மேட்டை இயர்போனே தர வேண்டியிருக்கிறது. இதெல்லாம் சரியான விஷயம், நான் மதிக்கிறேன். என் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இரண்டு கட்சியிலும் சோதனைக்கு எடுக்கிற பாட்டெல்லாம் நான் நேரில் ஒருநாளும் கேட்காத வாத்தியங்கள். அந்தப் பியானோ உண்மையில் எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்து ஹெட்போன் சரியா தவறா என்று நான் எப்படிச் சொல்வது?

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒலி பத்து வீடு தள்ளி இருந்தது. எங்கள் தெருவில் ஒரு தவில்கார மாமா இருக்கிறார், நாற்பது வருடமாகக் கோயிலிலும் கல்யாணத்திலும் வாசிக்கிறவர். நாதஸ்வரம் வாசிக்கிற அவர் தம்பி காலையில் சாதகம் செய்வதைக் கேட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அந்த நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடைந்தது, நரசிங்கம்பேட்டையில் வாங்கியது. ரயிலில் எங்களுக்குப் பக்கத்து ஊர், 2022ல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாக் குழுவிலும் தேடி அலைந்த 'ஒப்பீட்டு ஒலி' எனக்கு வாசலில் இருந்தது, நான்தான் அதைக் கவனிக்கவில்லை.

2021ல் எச்.டி. 600 வந்தபிறகு ஒரு நாள் அதையும் மூடிய ஹெட்போனையும் பழைய இயர்போனையும் எடுத்துக்கொண்டு மாமா வீட்டுத் திண்ணைக்குப் போனேன். நண்பனிடம் இரவல் வாங்கிய ஒரு சின்ன ரெக்கார்டரைப் பத்தடி தள்ளி வைத்து, இருவரையும் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியை வாசிக்கச் சொன்னேன். பதிவு செய்துவிட்டு, அதே திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டோம். கேட்டு முடித்ததும் மறுபடி நேரில் இரண்டு வரி வாசிப்பார்கள், மறுபடி ஹெட்போன். ரெக்கார்டரின் மைக்குக்கும் ஒரு குணம் உண்டு, அதனால் இது சுத்தமான சோதனை இல்லை. ஆனால் மூன்றுக்கும் ஒரே பதிவு, ஒரே காது, மூல ஒலி எதிரிலேயே.

பழைய இயர்போனைப் போட்டதும் மாமா உடனே கழற்றிவிட்டார். "என்ன தம்பி இது, தொப்பி மட்டும் தும்முனு கேக்குது. வலந்தலை எங்க போச்சு?"

தவிலில் தொப்பி என்பது பூவரசங் கம்பால் அடிக்கிற பக்கம், கனமான நாதம். வலந்தலை விரலில் கூடு மாட்டி வாசிக்கிற பக்கம், அங்கேதான் சொற்கள் தெறிக்கும். பேஸையும் உச்ச ஒலியையும் தூக்கி நடுப்பகுதியைக் குழியாக்கிய இயர்போன்களில் தொப்பி வீங்கிப்போய் வலந்தலையின் சொற்களை மூடிவிடுகிறது. உச்சம் இருப்பதால் கூட்டின் 'டக்' மட்டும் கேட்கும், தோலின் நாதம் இருக்காது. இணையத்தில் 'பேஸ் நடுப்பகுதிக்குள் கசிகிறது' என்று ஆயிரம் தடவை படித்திருக்கிறேன். மாமா சொன்ன பிறகுதான் அது என்ன என்று எனக்குக் காதில் புரிந்தது.

மூடிய ஹெட்போனை அவர் தம்பி போட்டுப் பார்த்தார். ஒலி நன்றாக இருக்கிறது, ஆனால் அறைக்குள் வாசித்த மாதிரி இருக்கிறது என்றார். நாதஸ்வரம் பிராகாரத்திலும் தேரோடும் வீதியிலும் வாசிக்கப் பிறந்த வாத்தியம், அடியில் விரிந்த அணசிலிருந்து கிளம்புகிற நாதத்துக்கு வெளி வேண்டும். பிறகு எச்.டி. 600. தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "வாசிக்கும்போது சீவாளி கொஞ்சம் நனஞ்சு போயிருந்துச்சு, அது தெரியுது" என்றார். சீவாளி என்பது வாயில் வைக்கிற நாணல் துண்டு, அதன் ஈரம் மாறினால் நாதம் மாறும். அதை ஒரு ஹெட்போன் காட்டிக்கொடுக்கிறது என்றால் நடுப்பகுதி எவ்வளவு நேர்மையாக இருக்க வேண்டும்! 1997ல் வந்த மாடல் அது, இன்னும் பேசப்படுகிறது என்றால் காரணம் இதுதான். மாமாவுக்கு மட்டும் ஒரு குறை. தொப்பியின் அடிநாதம் வயிற்றில் இறங்கவில்லை என்றார். திறந்த வகைக்கே உரிய குணம் அது, ஆழத்துப் பேஸ் காற்றில் போய்விடும். அவர் சொன்னது சரி.

எச்.டி. 600ஐப் பற்றி நான்கு வருட அனுபவம் சுருக்கமாக. மின்தடை 300 ஓம், அதனால் கொஞ்சம் வோல்டேஜ் வேண்டும். என் போன் டாங்கிளில் நாதஸ்வரத்துக்குச் சத்தம் தாராளம், வீணைக் கச்சேரிக்குப் போதவில்லை. ஏனென்றால் வீணைப் பதிவுகள் தாழ்வான அளவில் இருக்கின்றன. ஆகவே சத்தத்தைக் கூட்டித் தர ஆம்ப் என்ற தனிப்பெட்டி வேண்டுமா என்று கேட்பவர்கள் முதலில் என்ன கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வயர் தனியாகக் கழலும், குஷன் தனியாகக் கழலும், ஒரு முறை குஷன் மாற்றினேன், பத்து நிமிட வேலை. வேர்த்தாலும் தோல் உரிகிற பேச்சில்லை. ஆனால் திறந்த வகை என்பதால் மின்விசிறிச் சத்தம் முதல் பக்கத்து வயல் மோட்டார் சத்தம் வரை எல்லாம் உள்ளே வரும். ஆனி ஆடியில் குறுவைக்குத் தண்ணீர் இறைக்கிற வீட்டுப் பக்கம் குடியிருந்தால் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கேட்க முடியும். நான் அப்படித்தான் கேட்கிறேன். ரயிலுக்கு இது ஆகவே ஆகாது.

ரயிலுக்குத்தான் 2022ல் சால்நோட்ஸ் ஜீரோ, 2,000 ரூபாய்க்குள் கிடைத்தது. இதை வாங்கியது அளவுக் கட்சி பேச்சைக் கேட்டு, இந்த முறை அவர்கள் சொன்னது சரியாக இருந்தது. தவில் சொற்கள் சுத்தமாகப் பிரிகின்றன. நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மட்டும் அந்த 3 கிலோஹெர்ட்ஸ் மேடு சேர்ந்து கொஞ்சம் கத்துகிறது. நாதஸ்வரமே அந்தப் பகுதியில் பலமான வாத்தியம், அங்கே மேலும் ஏற்றினால் கத்தத்தானே செய்யும். போனில் ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஒரு ஈக்வலைசர் செயலியைப் போட்டு 3 கிலோஹெர்ட்ஸில் இரண்டு டெசிபெல் குறைத்தேன், சரியாகிவிட்டது. சினிமாப் பாட்டுக்கு அந்தக் குறைப்பு தேவையில்லை, எடுத்துவிடுவேன். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுப் பதிவுகளுக்கு எதிர்ப்பக்கம்: உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் தட்டின் இரைச்சல்தான், அதைத் தாழ்த்தினால் தோடி அப்படியே முன்னால் வந்து நிற்கிறது. 1956ல் மறைந்தவருடைய மூச்சு 2,000 ரூபாய் இயர்போனில் கேட்கிறது. ரயில் ஆடுதுறை தாண்டும்போது அதைக் கேட்டுக்கொண்டு, வெளியே திருவாவடுதுறைப் பக்கத்து வயலைப் பார்க்கிற சுகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அன்று திண்ணையில் மாமா எச்.டி. 600 கேட்கும்போது ஏற்றச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வழக்கமாக வைப்பதைவிட நிறைய தூரம் போனது. நாற்பது வருடம் தவிலுக்கு அரையடி தூரத்தில் இருந்த காது. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை, 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது. 3 டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும். இரைச்சலான ரயிலில் திறந்த ஹெட்போனோ சரியாகப் பொருந்தாத இயர்போனோ போட்டால் நம்மை அறியாமல் ஏற்றிவிடுவோம். அதனால் பெட்டியில் வரும் ரப்பர் முனைகளில் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள், என் வலது காதுக்குப் பெரியது, இடதுக்கு நடுத்தரம். நன்றாக அடைத்தால் பேஸும் தானாக வரும், சத்தமும் குறைவாகவே போதும். குழுக்களில் 'பேஸ் இல்லை' என்று புலம்புகிற பலருக்கு இது ஒன்றே மருந்து என்று நினைக்கிறேன்.

இப்போதும் அந்தப் பக்கங்களைப் படிக்கிறேன். அளவுப் படம் பார்த்து நான்கைந்தைக் கழிப்பேன், காதுக் கட்சிக்காரர்களிடம் மூன்று வருடம் கழித்து அது உடைந்ததா என்று தேடுவேன், நம்மூர்க்காரர்களிடம் விலையும் பழுதும் கேட்பேன். பிறகு திண்ணைப் பதிவைப் போடுவேன். என் போனில் 'மல்லாரி, திண்ணை' என்ற பெயரில் இருக்கிறது, மூன்றரை நிமிடம்.

போன மாசியில் மாமாவின் பேரன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். தவில் கற்றுக்கொள்கிறான், வயது பதினொன்று. தாத்தா வாசிப்பதை வேகம் பாதியாகக் குறைத்துப் போட்டு, வலந்தலைச் சொற்களை ஒவ்வொன்றாக எழுதி எடுக்கிறான். சால்நோட்ஸ் ஜீரோவை அவனிடமே கொடுத்துவிட்டேன், சத்தத்துக்கு மேல் வரம்பு வைத்து. வயர் போனால் இரண்டு ஊசி உள்ள 'டூ பின்' வயராகக் கேட்டு வாங்கினால் போதும் என்று ஒரு சீட்டில் எழுதி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.