முன்னரே ஒதுங்குவதா, முனை வரை செல்வதா?

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலிருந்து சுலோசன முதலியார் பாலம் வழியாக ரயில் சந்திப்புக்குச் செல்லும் சாலையில் பள்ளம் தோண்டி ஒரு தடத்தை அடைத்துவிட்டால், ஓட்டுநர்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். தடுப்பைத் தொலைவில் கண்டதுமே திறந்திருக்கும் தடத்துக்கு மாறி வரிசையில் நிற்பவர்கள் ஒரு கட்சி. காலியாகக் கிடக்கும் தடத்தில் தடுப்பு வரை சென்று அங்கே நுழைபவர்கள் மறு கட்சி. முன்னவர்களின் கண்ணுக்குப் பின்னவர்கள் முண்டியடிப்பவர்கள். பின்னவர்களின் கண்ணுக்கு முன்னவர்கள் இருக்கும் சாலையை வீணடிப்பவர்கள்.

ஜெர்மனியின் சாலை விதிகள் இரண்டாம் கட்சியின் பக்கம் நிற்கின்றன: தடம் முடியும் இடத்துக்குச் சற்று முன்புவரை சென்று, இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று என மாறி மாறி நுழைய வேண்டும் என்பது அங்கே சட்டம். இதனால் வரிசையின் நீளம் 40 விழுக்காடு வரை குறையும் என்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் போக்குவரத்துத் துறை சொல்கிறது. குறுகலைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை இதனால் பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் வரிசை இரண்டு தடங்களில் நிற்பதால், அதன் வால் வண்ணார்பேட்டை ரவுண்டானா வரை நீண்டு, பாலத்துக்கே வராதவர்களையும் மறிக்கும் நிலை தவிர்க்கப்படும். வண்டிகள் ஊர்ந்து செல்லும்போது நான் இந்த முறைக்கே வாக்களிப்பேன். சாலை வேகமாக ஓடிக்கொண்டிருந்தால், இடைவெளி கிடைத்த இடத்தில் முன்னரே ஒதுங்குவதுதான் பாதுகாப்பு.

மரியாதையிலும் ஒரு சிக்கல் உண்டு. எதிரே வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் ஆட்டோவைப் பார்த்து, "நீங்க போங்க அண்ணாச்சி" என்று கையசைத்து நிற்கும் கார்க்காரர் நல்லவர்தான். அவருக்கு ஆட்டோக்காரரின் முகம் தெரிகிறது. தம் பின்னால் டவுன் பஸ்ஸில் நிற்பவர்களின் முகம் தெரிவதில்லை. காரின் இடப்புறமாக நுழைந்து வரும் பைக்கோ ஆட்டோக்காரர் கண்ணில் படுவதே இல்லை.

மாறி மாறி நுழையும் முறையை அப்படியே இங்கே நடுவதும் எளிதன்று. ஒரு காருக்கு விட்ட இடைவெளியில் மூன்று பைக்குகள் புகுந்துவிட்டால் முறை என்பதே குலைந்துவிடும். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது எதிர்த்திசைப் பாதியையும் அடைத்து நிற்பவர்கள், காலி இடத்தைத்தானே பயன்படுத்தினோம் என்பார்கள். அது எதிரே வருபவர்களின் இடம் என்பதால், கேட் திறந்ததும் இரு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கின்றன.