ஏலகிரியா, கொல்லிமலையா, பூம்பாறையா: ராயபுரத்திலிருந்து ஆறு பேர் மலை வீடு தேடினால்

எங்கள் ஆறு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும் காலம் வருஷத்தில் ஒன்றுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பன் அப்போதுதான் கரையில் இருப்பான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவனுக்கு தீபாவளி, பொங்கல், ரம்ஜான் எதுவும் ஆகாது. ஊரே ஊர் சுற்றும் நாட்களில் அவன் கல்லாவில் நிற்க வேண்டும். ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எப்.பில் வேலையில் இருப்பவன் மட்டும் எப்போது சொன்னாலும் லீவு போட்டுவிடுவான். ஆகவே மலை எது என்று யோசிப்பதற்கு முன்பே மாதம் முடிவாகிவிடுகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் தனி வீடு எடுப்பது இடம் பார்க்க அல்ல. நாங்கள் சின்ன வயதில் ராயபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இப்போது ஒருவன் மாதவரத்தில், ஒருவன் எண்ணூரில், ஒருவன் கொளத்தூரில். ஒரே கூரையின் கீழ் மூன்று நாள் சமைத்து, சாப்பிட்டு, பேசிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குத்தான் வீடு. அதனால் நான் மலைகளை ஒப்பிடும்போது அருவி எத்தனை, வியூ பாயின்ட் எத்தனை என்று எண்ணுவதில்லை. பயண நேரம் போக, அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்றுதான் பார்க்கிறேன்.

அந்தக் கணக்கில் முதலில் வருவது ஏலகிரி. சென்ட்ரலில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் ஜோலார்பேட்டை, சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. கொண்டை ஊசி வளைவுகள் 14, ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். மாலை ரயிலில் கிளம்பியவன் அன்றைக்கே மலை வீட்டில் படுத்துவிடலாம். வடசென்னைக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தெற்கே போகும் பஸ்கள் கிளாம்பாக்கத்துக்குப் போன பிறகு, தண்டையார்பேட்டையிலிருந்து மூட்டையோடு அங்கே போய்ச் சேருவதே ஒரு தனிப் பயணம். சென்ட்ரலும் எழும்பூரும் நமக்குப் பக்கம். அதனால் பாதி வழியாவது ரயிலில் போக முடியாத மலையை நான் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

ஆனால் ஏலகிரியில் தனிமை கிடைப்பது கஷ்டம். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருப்பதால் சனி, ஞாயிறு இரண்டு ஊரும் அங்கேதான். ஒரு முறை படத்தைப் பார்த்து வீடு எடுத்தோம். படத்தில் சுற்றிலும் மரம். போய்ப் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு விடுதி, இரவு 12 மணி வரை ஸ்பீக்கர். "மச்சான், இதுக்கு நம்ம தெருவிலேயே இருந்திருக்கலாமேடா" என்றான் துணிக்கடைக்காரன். அன்று அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நிலாவூர்ப் பக்கம் போனால் கொஞ்சம் அமைதி உண்டு. மங்கலத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறும் நடையும் நன்றாக இருக்கும். இருந்தாலும் மே மாதத்தில் குளிர் என்று நம்பிப் போகாதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். சென்னையில் 40 டிகிரி கொதித்தால் மேலே 33. மின்விசிறி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். இரண்டு இரவுதான் லீவு என்றால் சரி, ஏலகிரி. மூன்றாவது இரவு கிடைத்தால் நான் அங்கே போக மாட்டேன்.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து இன்னும் 20 கி.மீ. உள்ளே. அடுக்கடுக்காக வயல், நடுவில் நெருக்கமாக வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில், வீட்டு முற்றங்களில் காயும் மலைப்பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரிலிருந்து நெத்திலிக் கருவாடு கொண்டு போய், அந்தப் பூண்டை உரித்துப் போட்டுக் குழம்பு வைத்தால் அதன் வாசம் தனி. மரத்தால் கட்டிய வீடு, ஜன்னலைத் திறந்தால் மேகம் என்று நாம் கற்பனை செய்வதெல்லாம் உண்மையில் இருப்பது இந்தப் பக்கத்தில்தான். மன்னவனூர் வரை போனால் புல்வெளியும் ஏரியும் ஆட்டுப் பண்ணையும் உண்டு.

சமையலில் ஒரு விஷயம். அந்த உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு வேகவே வேகாது போலத் தோன்றும். குக்கர் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் எடுத்துப் போங்கள்.

குளிர் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். கறி சுட்ட கரி அடுப்பை, கதகதப்பாக இருக்கட்டும் என்று படுக்கும் அறைக்குள் கொண்டு வராதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை வாசனையே தெரியாமல் கொல்லும். கார்பன் மோனாக்சைடு. நண்பர்களாக மலைக்குப் போய்த் தூக்கத்திலேயே இறந்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். கம்பளி இன்னும் இரண்டு கேட்டு வாங்குங்கள், அடுப்பு வெளியிலேயே அணையட்டும்.

பூம்பாறையின் குறை தூரம்தான். எழும்பூரில் இரவு ரயில், விடியற்காலை கொடைரோடு, அங்கிருந்து கொடைக்கானலுக்கு சுமார் 80 கி.மீ. மலைப்பாதை, அப்புறம் பூம்பாறைக்கு இன்னொரு வண்டி. வீட்டுக்குள் நுழையும்போது மதியம் ஆகிவிடும். திரும்பும்போதும் அதே கதை. மூன்று நாள் லீவில் ஒன்றரை நாள் சாலையிலேயே போய்விடும். அதோடு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போனால் பாஸ் தேவையில்லை, வாடகை வேனில் போனால் தேவை. இந்தக் கட்டுப்பாடு சரியானது என்றே நினைக்கிறேன். அந்தச் சாலைக்கும் அந்தத் தண்ணீருக்கும் ஓர் அளவு இருக்கிறது. ஆனால் கடைசி நேரத்தில் முடிவு செய்யும் ஆட்களுக்கு மே மாதக் கொடைக்கானல் ஒத்துவராது. ஐந்து நாள் கிடைத்தால் மட்டும் பூம்பாறை.

வால்பாறையை நாங்கள் ரொம்ப நேரம் பேசவில்லை. பொள்ளாச்சியிலிருந்து 40 வளைவு ஏறிப் போக வேண்டும், தேயிலை அழகுதான். ஆனால் யானையும் சிறுத்தையும் நடமாடும் ஊரில், இருட்டிய பிறகு திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரிக்க முடியாது, சிரிக்கவும் கூடாது. அங்கே போக அமைதியான கூட்டம் வேண்டும். ஜவ்வாது மலை வேறு விஷயம். காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்கி வருவதற்குக் காரணமே அங்கிருக்கும் இருட்டு. மணலி ஆலைப் புகைக்குள் வளர்ந்த கண்ணுக்கு அந்த வானம் ஒரு நாள் கட்டாயம் காட்ட வேண்டியது. ஆறு பேர் தங்குவது போல் தனி வீடு எங்களுக்கு அங்கே அமையவில்லை, அவ்வளவுதான்.

நடுவில் நிற்பது கொல்லிமலை. நான் கை தூக்குவதும் இதற்குத்தான்.

சென்ட்ரலில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ், விடியும் முன் சேலம், அங்கிருந்து நாமக்கல், பிறகு மலைப் பஸ். காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும் முன் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது, தலை சுற்றுகிறவனுக்கு முன் சீட். காலை பத்து, பதினொரு மணிக்குள் செம்மேட்டில் இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்துவிடலாம். உயரம் ஏலகிரியைவிட ஒன்றும் பெரிதாக அதிகம் இல்லை. ஆனால் மரம் அதிகம். காபிச் செடி, அதற்கு நிழல் தரும் மரம், அந்த மரத்தில் ஏறிய மிளகுக் கொடி என்று மூன்று அடுக்கு. அதற்குள் இருக்கும் ஓட்டு வீட்டில் மத்தியான வெயில் தெரியாது. மே, ஜூனில் பலாவும் அன்னாசியும் சந்தைக்கு வந்துவிடும். வீடுகளில் பளபளப்பு எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்கள் நடத்துபவை, சொன்னால் அவர்களே நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துத் தருவார்கள்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். எங்களில் ஒருவனுக்கு முழங்கால் பிரச்சினை இருக்கிறது. அவனை மேலே தனியாக விட்டுவிட்டுப் போகும் திட்டம் எனக்குப் பிடிக்காது. அருவி வேண்டாம், அறப்பளீஸ்வரர் கோயில் போதும் என்று முடிவு. அறுத்த மீனைப் பொருத்தி உயிர் கொடுத்த சாமி என்று அங்கே கதை. பக்கத்து ஆற்றில் மீனுக்குப் பொரி போடுவார்கள், பிடிக்க மாட்டார்கள். காசிமேட்டு நண்பனிடம் இதைச் சொன்னபோது, "நான் அங்கதான்டா முதல்ல போவேன்" என்றான்.

தீ மூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். கோடையில் காய்ந்த சருகுக் காட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. வீட்டுக்காரர் காட்டும் இடத்தில், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரோடு மட்டும்.

தேதிதான் மிச்சம். மே மாதம் எந்த மலையிலும் கூட்டம். பள்ளி திறந்ததும் ஜூன் முதல் வாரத்துக்குப் பிறகு கூட்டம் வடிந்துவிடும், தடைக்காலம் 14 வரை இருக்கிறது. நடுவில் கிடைக்கும் அந்தச் சில நாள் எங்களுக்காகவே விட்டு வைத்தது மாதிரி இருக்கிறது. ஒரே சிக்கல், கடலுக்குப் போகும் முன் படகுக்கு வர்ணம் அடித்து, இன்ஜின் பார்த்து, வலை சரி செய்யும் வேலை கடைசி வாரத்தில்தான் குவியும். இந்தத் தடவை மே மாதத்திலேயே முடித்துவிடுகிறேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். வர்ணம் அடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் துறைமுகத்துக்குப் போகிறோம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். ஜூன் டிக்கெட்டுக்கு ஏப்ரலிலேயே, காலை 8 மணிக்கு, ஐ.சி.எப்.காரன் உட்காருவதாகப் பேச்சு.